மூடிய பிறகு யார் தொடுகிறார்கள்?

ஒல்ஃபாவுக்கு வஜ்தியின் மீது சந்தேகம் வந்ததே அவன் நல்லவனாக இருந்ததால்தான். சொந்த ஊரான கைரவானுக்குப் போய் வரும்போதெல்லாம் அம்மா செய்தது என்று ஒரு பெட்டி மக்ரூத் இனிப்பு கொண்டுவந்து அவள் மேசையில் வைப்பான். திட்டினால் சிரிப்பான். அவன் எழுதிய நிரலை எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் முகம் சுளிக்காமல் மறுபடி எழுதிக் கொடுப்பான். இந்தத் தொழிலில் எவன் அப்படி இருக்கிறான்? ஒரு வரியைக் குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வருகிற கூட்டம் இது. கோபமே வராத ஒருவன் வந்து எதிர் மேசையில் உட்கார்ந்தால் என்னதான் நினைப்பது? பேரீச்சம்பழம் வைத்த அந்த மக்ரூத்தைத் தின்றுகொண்டே அவள் இதைத்தான் யோசிப்பாள்.

காரணமில்லாமல் இல்லை. போன வருடம் வேறொரு திட்டத்தில் ஒருவன் இப்படித்தான் சிரித்துச் சிரித்து உழைத்து எல்லோருக்கும் நல்லபிள்ளையாகி, கடைசியில் வெளியாள் நுழைய நிரலுக்குள் ஒரு திருட்டுக் கதவைச் செருகிவிட்டுக் காணாமல் போயிருந்தான். அவன் மாற்றங்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட மனிதரை அதன் பிறகு யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. நம்பினார், அவ்வளவுதான். அந்த மனிதரின் நிலைமை தனக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் ஒல்ஃபாவின் ஒரே பயம்.

அவளுக்கும் இழக்க ஒன்று இருந்தது. கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிமடி. எந்த வேலைக்கு நினைவில் எவ்வளவு இடம் கொடுப்பது, கொடுத்ததை எப்போது திரும்ப வாங்குவது, யாருக்கு எந்தக் கதவைத் திறப்பது என்று எல்லாவற்றையும் கீழே இருந்து தீர்மானிப்பது அதுதான். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதுகிற ஒரு கெர்னலில் ஒரு சின்ன மூலை ஒல்ஃபாவின் பொறுப்பு. ஒரு வகை நெட்வொர்க் அட்டையோடு கம்ப்யூட்டர் பேசுவதற்கான பகுதி அது. அந்த மூலைக்கு யார் பேட்ச் அனுப்பினாலும், அதாவது எந்தத் திருத்தம் வந்தாலும், அவள் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே போகும். முகம் தெரியாத ஜப்பான்காரனும் பிரேசில்காரியும் "ஒல்ஃபா பார்த்துவிட்டாளா? அப்படியானால் சரி" என்று எழுதுவார்கள். பத்து வருடம் கண் எரியப் படித்துச் சம்பாதித்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

சம்பளம் கொடுப்பது துனீசியாவில், தூனிஸ் நகரை ஒட்டிய அரியானாவில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனி. ஆஸ்பத்திரிப் படுக்கையோரம் நாடித்துடிப்பும் மூச்சும் காட்டுகிற பெட்டிகளைச் செய்து தூனிஸிலும் சூஸிலும் ஸ்ஃபாக்ஸிலும் விற்கிறார்கள். பெட்டிக்குள் ஓடுவது அதே கெர்னல், அதே நெட்வொர்க் அட்டை. முதலாளி லம்ஜத், மரியாதையாகக் கூப்பிட்டால் சி லம்ஜத், தாராளமான ஆள். வஜ்தியை வேலைக்கு எடுத்ததும் அவர்தான். "உனக்குத் துணைக்கு ஆள் வேணாமா, எத்தனை நாள்தான் ஒத்தையில கத்திக்கிட்டு இருப்ப?" என்றார்.

நோன்பு மாதம் பிறந்ததும் துணையின் போக்கு மாறியது. போன் வந்தால் வஜ்தி எழுந்து பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டான். சிகரெட் பிடிக்கப் போகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, நோன்பாயிற்றே. ஒல்ஃபா ஏதோ எடுக்கப் போவது போல அருகே போனால் பேச்சு அறுந்துவிடும். அவள் அவன் மேசையைக் கடந்தால் திரையில் வேறு ஜன்னல் வந்துவிடும். ஒருநாள் அவனாகவே வந்து நின்றான். அக்கா என்பதற்கு அவர்கள் ஊரில் லல்லா.

"லல்லா ஒல்ஃபா, ஒண்ணு கேக்கலாமா?"

"வேணாம்னா விட்டுடவா போற?"

"இணைப்பை மூடுற இடத்துல ஒரு பழைய மாற்றம் இருக்குல்ல, நீங்க பண்ணினது. இடத்தைச் சீக்கிரமா திருப்பிக் கொடுக்கிற மாதிரி. அதை யாராவது பண்ணச் சொன்னாங்களா?"

"யார் சொல்லணும்? குப்பையா இருந்துச்சு, கூட்டினேன். எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

"சும்மா யாரும் இவ்வளவு பழசைத் தோண்ட மாட்டாங்க தம்பி."

"இல்ல லல்லா, சும்மாதான்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பிப் போகிறவன் மறுபடி நின்றான். "பெருநாளுக்குக் கெலிபியா கிளம்புறீங்கல்ல? எந்த நாள்?"

வீட்டில் ஆள் இல்லாத நாளை விசாரிக்கிறவனை என்னவென்று சொல்வார்கள்? ஒல்ஃபா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பாட்டு எதுவும் ஓடவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவன் பேட்ச் பொதுக் குழுவுக்கு வந்தது. மாற்றங்களை எல்லோரும் எல்லோர் கண்முன்னாலும் அனுப்பி, எல்லோர் கண்முன்னாலும் சண்டை போட்டுக்கொள்கிற மெயில் குழு அது. தலைப்பு: இணைப்பு மூடும் பகுதியில் சிறு சீரமைப்பு, நடத்தையில் மாற்றமில்லை.

ஒல்ஃபா படித்தாள். நடத்தையில் மாற்றம் இருந்தது. ஒரு இணைப்பு வேலை செய்ய நினைவில் கொஞ்சம் இடம் வேண்டும். இணைப்பு மூடியதும் அந்த இடத்தைத் திரும்ப வாங்கி வேறு வேலைக்குக் கொடுத்துவிட வேண்டும். குடியிருந்தவர் காலி செய்ததும் வீட்டைப் பூட்டி அடுத்த குடித்தனத்துக்குக் கொடுக்கிற மாதிரிதான். வஜ்தியின் பேட்ச் வீட்டைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தது. எதற்கு? காலியான வீட்டில் யாரை ஒளித்து வைக்கப் பார்க்கிறான்? பழைய குடித்தனத்தின் சாமான் உள்ளேயே கிடக்கும். அதை எட்டிப் பார்க்க இன்னொரு பேட்ச் பின்னால் வரும். அவள் பெருநாளுக்குக் கெலிபியாவில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வரும்.

வேறு ஒரு விளக்கமும் அவளுக்குத் தோன்றாமல் இல்லை. பாதுகாப்பு ஓட்டை ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால் அதை ஊரறியச் சொல்வதில்லை. சொன்னால் அடைப்பதற்குள் திருடன் புகுந்துவிடுவான். மூடிய குழு என்று ஒன்று இருக்கிறது. ஒரு சிலர் தங்களுக்குள் பேசி அவகாசம் குறித்துக்கொள்வார்கள். அடைப்பதற்கான பேட்சைச் சப்பென்று ஒரு தலைப்புப் போட்டு, சீரமைப்பு, துப்புரவு என்று ஏதோ எழுதி, கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே அனுப்பிவிடுவார்கள். ஒல்ஃபாவே அப்படிச் சில முறை அனுப்பியிருக்கிறாள். ஆனால் அந்த மூலைக்குப் பொறுப்பாளர் யாரோ அவரிடம்தான் மூடிய குழு முதலில் சொல்லும். அதுதான் வழக்கம். இந்த மூலைக்குப் பொறுப்பாளர் அவள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆகவே ஓட்டை எதுவும் இல்லை. ஆகவே இவன் பொய் சொல்கிறான். இப்படிக் கணக்குப் போட்டு முடித்ததும் அவளுக்கு ஒருவிதத் திருப்திகூட வந்தது.

அதற்குப் பிறகும் அவள் அவசரப்படவில்லை. இரண்டு நாள் அந்தப் பேட்சை எழுத்துக்கு எழுத்து குற்றம் தேடிப் படித்தாள். குற்றம் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவளை இன்னும் பயமுறுத்தியது. மறுநாள் காலை லம்ஜத்தின் அறைக்குப் போனாள்.

"சி லம்ஜத், இந்த வஜ்தியை நீங்க எங்க பிடிச்சீங்க?"

"ஏன், மார்க்கெட்லதான். கிலோ என்ன விலைன்னு கேட்டு வாங்கினேன்."

"விளையாடாதீங்க. சீரமைப்புன்னு பேர் வெச்சு என்னமோ உள்ள தள்ளுறான். பால்கனியில யார்கிட்டயோ குசுகுசுன்னு பேசுறான்."

"பொண்ணு கிண்ணு பார்த்திருப்பாங்க."

"பொண்ணுகிட்ட எவனாவது இங்கிலீஷ்ல கெர்னல் பத்திப் பேசுவானா?"

லம்ஜத் சிரித்தார். ஆனால் கை மேசையில் இருந்த பேனாவைத் தேவையில்லாமல் மூடித் திறந்துகொண்டிருந்தது. "உனக்குக் காபி இல்லாம நோன்புக் கிறுக்கு, அந்த ஹஷீஷா, தலைக்கேறிடுச்சு. ஒவ்வொரு ரமலானுக்கும் இதே கதை. போன வருஷம் பிரின்டர் மேல சந்தேகப்பட்ட."

"பிரின்டர் நிஜமாவே பொய் சொல்லுச்சு."

"சரி, இது சின்ன விஷயம். கையெழுத்தைப் போட்டுட்டுப் போய் வேலையைப் பாரு."

ஒல்ஃபா அசையாமல் நின்றாள். "பத்து வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட என்னைக் கையெழுத்துப் போடுன்னு சொன்னதில்ல."

"இப்ப சொல்றேன்" என்றார் அவர், பேனாவைப் பார்த்துக்கொண்டே.

அவள் தன் மேசைக்குத் திரும்பினாள். பத்து வருடம் சேர்ந்து சாப்பிட்ட மனிதர் கண்ணைப் பார்க்க மறுக்கிறார் என்றால், ஒன்று அவரை ஏமாற்றியிருக்கிறார்கள், இல்லை அவரும் இதில் கூட்டு. யாரிடம் போய்ச் சொல்வது? அவளை வளர்த்த கூட்டத்தின் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: சந்தேகம் இருந்தால் பொதுக் குழுவில் கேள். தனியாகக் கேட்பவனைத்தான் அங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.

அவள் உட்கார்ந்து எழுதினாள். தலைப்பு உண்மையல்ல. இது சீரமைப்பு இல்லை. இணைப்பை மூடிய பிறகும் இடத்தைத் திருப்பிக் கொடுக்காமல் பிடித்து வைக்கிறது. மூடிய பிறகு அந்த இடத்தை யார் தொடுகிறார்கள்? பதில் வரும்வரை நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.

அனுப்பினாள். எதிர் மேசையில் வஜ்தியின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். அவன் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தவளுக்கு, வந்தது பயம் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று.

"லல்லா, என்ன பண்ணிட்டீங்க?"

"கேள்வி கேட்டேன். பதில் சொல்லு."

"இதை அழிக்க முடியாதுல்ல?" அது முடியாதென்று அவனுக்கே தெரியும். பொதுக் குழுவுக்குப் போன மெயில் அந்த நொடியே ஆயிரம் பேர் இன்பாக்ஸில் விழுந்துவிடும்.

அவள் பதில் சொல்வதற்குள் திரையில் வேறொரு பதில் வந்தது. யாரென்று தெரியாத ஒரு முகவரி. நல்ல கேள்வி, டைமர் தொடுகிறது போலிருக்கிறதே, என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் போட்டிருந்தது.

டைமர். ஒல்ஃபா தன் பழைய மாற்றத்தைத் திரையில் திறந்தாள். இணைப்பில் ஒரு டைமர் உண்டு. மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப் பார்ப்பது. இணைப்பு மூடிய பிறகும் அது கடைசியாக ஒருமுறை வந்து தட்டும். முன்பெல்லாம் இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலை அதற்காகக் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பைக் குப்பை என்று கூட்டித் தள்ளியது அவள்தான். அன்றிலிருந்து, வீட்டை அடுத்த குடித்தனத்துக்குக் கொடுத்த பிறகும் பழைய சாவியோடு ஒருவன் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு திருடன் புதுக் குடித்தனமாக வந்து உட்கார்ந்தால் வீடு மட்டுமல்ல, தெருவே அவன் கைக்குப் போய்விடும். வஜ்தி யாரையும் ஒளித்து வைக்கவில்லை. பழைய சாவி போய்ச் சேரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கதவு எது என்று கேட்டு ஊரைக் கூட்டியது அவள்.

லம்ஜத் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"பெருநாள் முடியிற வரைக்கும் அவகாசம் வாங்கியிருந்தோம் ஒல்ஃபா. பெட்டி எல்லாத்தையும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போய் மாத்தணும். இன்னும் ஒண்ணுகூட மாத்தல."

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் அவள்.

"தெரியும்."

"எனக்கு மட்டும்தான் தெரியாது."

அவள் வஜ்தியின் பக்கம் திரும்பினாள். "என் மூலையில ஓட்டை. எனக்கு ஏன்டா சொல்லல?"

அவன் மெதுவாகத்தான் சொன்னான். "அது நீங்க பண்ணின மாற்றத்துல இருந்து வந்த ஓட்டை, லல்லா. ரொம்ப அழகான ஓட்டை. தெரியாம விழுந்த மாதிரியே இல்லைன்னு மூடிய குழுவுல சில பேர் சொன்னாங்க. வேணும்னே வெச்சதா இருக்குமோன்னு. அதனால உங்களுக்குச் சொல்ல வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. உங்ககிட்ட யார் பண்ணச் சொன்னான்னு கேட்டுப் பார்க்கச் சொன்னாங்க. கேட்டேன்."

"நீ என்னன்னு சொன்ன அவங்ககிட்ட?"

"லல்லா அப்படிப்பட்டவங்க இல்லைன்னு சொன்னேன். பால்கனியில நின்னு தினமும் அதைத்தான் கத்திக்கிட்டு இருந்தேன். இன்னைக்குக் காலையில ஒருவழியா ஒத்துக்கிட்டாங்க, உங்ககிட்ட சொல்லலாம்னு. நீங்க காபி குடிக்காம இருக்கிற நேரத்துல சொன்னா நான் உயிரோட திரும்ப மாட்டேன்னு, நோன்பு திறந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

கடைசி வரியை அவன் சிரிப்பாகச் சொல்லப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"இப்ப?"

"இப்ப அவங்க எழுதியிருக்காங்க. ஓட்டையை அடைக்கப் போற நேரத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னு மறிச்சது யாரு, அது எங்க இருக்குன்னு ஊருக்குக் கை காட்டினது யாருன்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் எழுதட்டும் லல்லா?"

ஒல்ஃபாவுக்கு அவமானமாக இருந்தது. நான் வேண்டுமென்றே செய்யவில்லை என்று எதைக் காட்டி நிரூபிப்பது? இத்தனை மாதம் இவன் நல்லவன் என்பதற்கு அவள் என்ன சாட்சியை ஏற்றுக்கொண்டாள்? மக்ரூத்தையே சாட்சியாக அவன் மேல் திருப்பினாளே.

அழுது தீர்க்க நேரமில்லை. ஓட்டை ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவகாசம் போய்விட்டது. பேட்ச் இப்போதே உள்ளே போக வேண்டும், போக அவள் கையெழுத்து வேண்டும். லம்ஜத் போனை எடுத்துக்கொண்டு சூஸையும் ஸ்ஃபாக்ஸையும் கூப்பிட்டார். "டாக்டர், தயவுசெஞ்சு பெட்டியோட நெட்வொர்க் வயரை மட்டும் பிடுங்கிடுங்க. ஆமா, நர்ஸ்தான் பக்கத்துல நின்னு பார்க்கணும். தெரியும் டாக்டர், நோன்பு நேரம்னு தெரியும். திட்டுங்க, பரவாயில்ல." அலுவலகம் காலியாகிற நேரம் ஆகியும் அவர் குரல் அறைக்கு அறை கேட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னொரு தடவை படிச்சுட்டுப் போடுறீங்களா?" என்று கேட்டான் வஜ்தி.

"ரெண்டு நாளா இதுல உன் திருட்டுத்தனத்தைத் தேடியிருக்கேன். இந்த உலகத்துல இதைவிட நல்லாப் பார்த்த பேட்ச் கிடையாது." சொன்ன பிறகு அவளுக்கே கேட்கக் கஷ்டமாக இருந்தது. "மன்னிச்சுக்கோ."

அவன் தலையாட்டினான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

ஒன்று மட்டும் குறையாக இருந்தது. ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும், எந்தப் பழைய மாற்றத்தின் பிழையைச் சரிசெய்கிறது என்று ஒரு வரி எழுதுவார்கள். அந்த மாற்றத்தைச் செய்தவர் பெயர் அதில் வெளிப்படையாகத் தெரியும், அழியவும் அழியாது. வஜ்தியின் பேட்சில் அந்த வரி இல்லை. மறைத்து அனுப்புவதற்காகவும் விட்டிருக்கலாம், அவள் பெயருக்காகவும் விட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது? தலைப்பை மாற்றி, மூடிய இணைப்பின் இடத்தை டைமர் தொடும் ஓட்டை என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். அடியில் தன் பழைய மாற்றத்தைக் குறித்து, தன் பெயரை முழுதாக அடித்தாள். அதற்குக் கீழே கையெழுத்து. ஒரே பக்கத்தில் அவள் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. லம்ஜத் வீட்டிலிருந்து ஷோர்பா சூப்பும் எண்ணெயில் பொரித்த ப்ரீக்கும் வந்திருந்தன. வஜ்தி ஒரு தட்டில் பேரீச்சம்பழம் எடுத்து வந்து, முதலில் அவளிடம்தான் நீட்டினான். அவள் எடுத்துக்கொண்டாள். அந்தப் பழத்தைப் பற்றி அவளுக்கு எந்த யோசனையும் வரவில்லை. இந்த மாதத்தில் முதல் தடவையாக.

"முடிஞ்சுது" என்றாள். "அனுப்பிடட்டுமா?"

"ஒரு நிமிஷம் லல்லா."

அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். திரையை நோக்கிக் குனிந்தான். அவள் மாற்றியது தலைப்பும் ஒரு வரியும்தான். அவன் தலைப்பிலிருந்து தொடங்கவில்லை. தன் பேட்சை முதல் எழுத்திலிருந்து படித்தான், நடுவில் அவள் எதையாவது தொட்டிருக்கிறாளா என்று. முடித்துவிட்டு மறுபடி மேலே போய்ப் படித்தான். ஷோர்பா ஆறிக்கொண்டிருந்தது. ஒல்ஃபா வாயிலிருந்த கொட்டையைத் துப்பாமல், திரையை மறைக்காதபடி நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி உட்கார்ந்தாள்.